மானியக் கமிட்டிக்கு வைத்த கோழிக் குழம்பு

யாரோ கொடுத்த பணத்தை, யாரோ சொன்ன விதிப்படி, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வருகிற உத்தியோகம் என்னுடையது; அதில் எனக்கென்று மிஞ்சியது ஒரு குடையும் முழங்கால் வலியும்தான்.

சேலத்தில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு உதவி நிதி நடத்தினார்கள். கூலிக்குப் போகிற குடும்பங்கள் கடனில் மூழ்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்காகப் பாடுபடுகிற சின்னச் சங்கங்களுக்கு மானியம் தர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சங்கம் மனுப் போடும், நான் போய்ப் பார்ப்பேன், பிறகு கமிட்டி போய்ப் பார்க்கும், பிறகு சேலத்தில் கூடிப் பேசுவார்கள், அதற்கும் பிறகுதான் பணம். நான் கிருஷ்ணகிரியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஓசூர், ராயக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் அலைந்தேன். ஐம்பதுகளில் அந்தப் பக்கம் இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆலையும் சங்குச் சத்தமும் கிடையாது. ராகிக் கொல்லை, புளிய மரம், எப்போதாவது வரும் பஸ், அவ்வளவுதான்.

ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் "நாளைக்கு வந்து பாருங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லி அனுப்பப்பட்டவளும் உங்களோடு அதே வெயிலில்தான் நடந்தாள்.

மனுவுக்கு வந்த பதில்

முதல் முறை உத்தனப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எதிரே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓட்டம் பிடித்தன. பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. குடையும் தோல் பையுமாக ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து இறங்கினால் அம்மை குத்த வந்தவள் என்றுதான் அந்தக் காலத்தில் அர்த்தம். "ஊசி இல்லை, ஊசி இல்லை" என்று பையைத் திறந்து காட்டிக்கொண்டே தெரு முழுக்க நடந்தேன். அப்புறம் டீச்சர் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். அன்றைக்கு ஒட்டிய 'டீச்சரம்மா' என்ற பெயர் கடைசிவரை என்னை விடவில்லை.

சங்கத்துத் தலைவி முனியம்மா ஒரு மரத்தடியில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் பாறை உடைக்கப் போகிறவர். இவள் புளி தட்டப் போகிறவள். தன்னைப்போலப் புளி தட்டுகிற பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்து, பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து மனு எழுதி அனுப்பியிருந்தாள். அந்த மனுவுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

"மனுப் போட்டா பதிலே வராதுன்னு தெரிஞ்சுதானேம்மா போட்டோம், நீ என்னா ஆளே வந்து நிக்கறே?"

ரோட்டோரத்து மரங்கள்

அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் புளிய மரங்கள். அவற்றின் காய்ப்பை வருஷா வருஷம் தை மாதத்தில் சர்க்காரில் ஏலம் விடுவார்கள். ஏலத் தொகையை அன்றைக்கே கையில் வைத்திருக்கிறவருக்குத்தான் மரம். பாகலூர் வெங்கடப்பா என்ற குத்தகைக்காரர் அந்த வட்டாரத்து மரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளியில் அவருக்கு ஒரு புளி மண்டி. மரத்தை உலுக்குவதும், பழத்தைப் பொறுக்குவதும், புளி தட்டி ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பதும் இந்தப் பெண்கள். மழைக் காலத்தில் வீட்டில் ஒன்றும் இருக்காது. அப்போது வெங்கடப்பா முன்பணம் தருவார். மாசி, பங்குனியில் கை வேக வேகப் புளி தட்டி அதைக் கழிக்க வேண்டும். கழித்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

ஒரே ஒரு துண்டு ரோட்டின் மரங்களையாவது சங்கமே ஏலத்தில் எடுத்துவிட்டால், புளி அவர்களுடையது, விற்ற காசும் அவர்களுடையது. அதற்குத்தான் மானியம் கேட்டிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஏலத்துக்கு முன்னால் கிடைத்தால்தான் அதில் அர்த்தமும் இருந்தது.

லட்சுமக்கா என்று ஒருத்தி. தெலுங்கு பேசுகிற வீடு. "ராம்மா, கூர்ச்சோ" என்று சாக்கை விரித்து என்னை உட்கார வைத்தவள் அவள்தான். புருஷன் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டான். வைத்தியத்துக்கும் காரியத்துக்கும் வாங்கிய முன்பணத்துக்காக அவள் மகள் ரத்னம்மா பாகலூரில் வெங்கடப்பா வீட்டில் வேலைக்கு இருந்தாள். கடன் தீர்கிறவரை அங்கேதான் இருக்க வேண்டும் என்று பேச்சு. மனுவில் இதெல்லாம் எழுதியிருக்கவில்லை. சங்கத்துக்கு மானியம் எதற்கு என்று நான் விதிப்படி ஒவ்வொருத்தியையும் கேட்டுக்கொண்டு வந்தபோது லட்சுமக்கா முறை வந்தது.

"மரம் எங்க கைக்கு வந்தா எம்பொண்ணு எங்கூட்டுக்கு வருவா, அதைத் தவிர எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதும்மா."

சாமல்பட்டியில் ஒரு கிழிசல்

உத்தனப்பள்ளிக்கு அவசியம் கொடுக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். கமிட்டி நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். அதே நாளில் என்னைச் சாமல்பட்டிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் ஒரு சங்கம் மனுப் போட்டிருந்தது. ரயிலை விட்டு இறங்கினால், ஸ்டேஷனிலிருந்தே சங்கத்தின் பெயர்ப் பலகை தெரிந்தது. பலகையைப் பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்தவரையில் பலகை பெருத்த இடத்தில் சங்கம் மெலிந்துதான் இருக்கும்.

சங்கத்துக் காரியஸ்தர் என்று ஒருவர் வந்தார். வரிசையாகப் பெண்களை நிறுத்திக் காட்டினார். ஒருத்தி சேலையில் முழங்காலுக்குக் கீழே எல்லாம் கந்தல். ஆனால் கையில் புது வளையல், தலையில் நல்ல எண்ணெய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதரைப் பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டு, "இது யார் சேலை?" என்று அவளையே கேட்டேன். அவள் பொய் சொல்லிப் பழகாதவள், பாவம். பின்னால் இருந்த ஒரு குடிசையைக் கண்ணால் காட்டினாள்.

"சுருக்கா பாத்துட்டுப் போயிருங்கம்மா, சீலைக்காரி மாத்துத்துணி இல்லாம உள்ள உக்காந்துனு இருக்கறா."

நம்மைவிட நன்றாக

சாமல்பட்டியில் கண்டதைக் கண்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலத்துக் கூட்டத்துக்குப் போனேன். சங்கத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவதற்கு விதி இல்லை என்றார்கள். ஒரு மாற்றுச் சேலை கொடுக்க விதி இல்லாத நிதி என்ன நிதி என்று அன்றைக்கு வாய்விட்டே கேட்டேன்.

அடுத்தது உத்தனப்பள்ளி. கமிட்டிக் காரியதரிசி ஐயா பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிகவும் நல்லவர். நிதியின் காசில் ஒரு வெற்றிலைகூட வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டார். அவர்தான் இரண்டு உறுப்பினர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். பெண்கள் எல்லாம் பட்டுச் சேலை. பித்தளைச் சொம்பில் தண்ணீர். வாழையிலை போட்டு அரிசிச் சோறு, கோழிக் குழம்பு. நான் பார்த்த ஊர் அதுவல்ல என்று பதறிப்போய்ச் சொன்னேன். தன் கண்ணால் பார்த்ததை எப்படி அம்மா இல்லை என்பது என்று கேட்டார். மனுவைத் தள்ளுபடியானவற்றோடு சேர்த்து வைத்தபோது அவருக்கே மனம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நம்மைவிட நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நாம் எதற்கம்மா மானியம் கொடுக்க வேண்டும்?"

எந்த வாயால

உத்தனப்பள்ளியில் இறங்கும்போது எனக்கு வந்த கோபத்தில் குடையை விரிக்கக்கூட மறந்துபோனேன். அவர்களோ ஓடி வந்து சூழ்ந்துகொண்டு, பணம் எப்போ வரும், எப்போ வரும் என்று கேட்டார்கள். விருந்து எப்படிப் பிரமாதமாக நடந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பட்டுச் சேலைகள் ஊர்க் கவுண்டர் வீடுகளில் எரவல் வாங்கியவை. நாற்காலியும் சொம்பும் வெங்கடப்பாவின் மண்டியிலிருந்து வந்தது. கோழிக்கும் அரிசிக்கும்? அதற்கு லட்சுமக்கா முன்னால் வந்து நின்றாள். தன் மகள் வீடு திரும்புகிற காரியமாயிற்றே, விருந்து தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வெங்கடப்பாவிடம் இன்னொரு முன்பணம் வாங்கியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மானியம் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். எதனால் இல்லை என்பதையும் சொன்னேன். சொன்னதோடு விடாமல், ஏழை என்று மனுப் போட்டுவிட்டு ராஜா வீட்டுக் கல்யாணம் நடத்தினால் எவன் கொடுப்பான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். முனியம்மா விடுவாளா? "வூட்டுக்கு வந்தவங்க வயித்தைக் காயப் போட்டுட்டு, எங்களுக்குப் பசிக்குதுங்க சாமின்னு சொல்லணுமா? எந்த வாயால சொல்றது? நீ சொல்லுவியா?" என்று என்மேல் பாய்ந்தாள். என் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நானும் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கித்தான் காப்பி போட்டிருக்கிறேன். எல்லோரும் அடங்கின பிறகு லட்சுமக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கோழிக்கு எம்பொண்ணு இன்னும் ஒரு வருசம் இருக்கணுமாம்மா?"

வேடிக்கை பார்த்த ஏலம்

தை பிறந்தது. ஏலத்தன்று சங்கத்துப் பெண்கள் ஏலம் நடந்த இடத்துக்கு நடந்தே வந்துவிட்டார்கள். கையில் காசு இல்லாமல் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். ஏலம் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்றாள் முனியம்மா. ஓரமாக நின்று, யார் எப்போது கேட்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

வெங்கடப்பா எல்லா மரங்களையும் எடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடுமையாக ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பெண்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

"உங்குளுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலியெல்லாம், நான் ஒருத்தன் இருக்கறேனில்ல?"

பாகலூரில்

வேறு வேலையாகப் பாகலூர் பக்கம் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். நான் யார் என்று சொன்னதும் வெங்கடப்பாவின் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பாதி கன்னடம், பாதி தமிழ். ரத்னம்மாவைத் தங்கள் பெண் மாதிரியே வைத்திருப்பதாகச் சொன்னார். பொய்யில்லை. பெண் நல்ல துணி கட்டியிருந்தாள், தலை வாரிப் பின்னியிருந்தாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். உட்காரேன் அம்மா என்றேன். சிரித்தாள், உட்காரவில்லை. நான் இருந்த நேரமெல்லாம் நின்றுகொண்டேதான் இருந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். ஊரில் மழையா, ஆடு குட்டி போட்டதா என்று என்னென்னவோ விசாரித்தாள். எப்போது வீட்டுக்கு வரலாம் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லவும் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன்.

"புளி தட்டறப்ப கைக்கு வெளக்கெண்ணெ தடவிக்கச் சொல்லுங்க, சொன்னா கேக்கமாட்டா, நீங்க சொல்லுங்க."

சொம்பு மட்டும்

அடுத்த மழைக் காலத்தில் சங்கம் மறுபடியும் மனுப் போட்டது. காரியதரிசி ஐயாவிடம் போய், இன்னொரு தரம் நீங்களே வர வேண்டும் என்று கேட்டேன். போன தரம்தான் பார்த்தாயிற்றே என்றார். ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி வருகிறேன் என்றார். ஒரு வேண்டுகோள், தயவுசெய்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். இது என்ன புது நிபந்தனை என்று புருவத்தை உயர்த்தினார். ஒத்துக்கொண்டார்.

அவரைச் சம்மதிக்க வைத்தது சுலபம். முனியம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. எரவல் ஒன்றும் கூடாது, விருந்து கூடாது என்றேன். "அப்ப கந்தலைக் கட்டிக்கினு கையேந்தி நிக்கணுமா?" என்று சீறினாள். எனக்குச் சாமல்பட்டி ஞாபகம் வந்தது. கந்தலும் வேண்டாம், பட்டும் வேண்டாம், தினமும் கட்டுகிறதைக் கட்டிக்கொண்டு தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டு இருங்கள் என்றேன். அவளுக்கு அது அவமானமாகத்தான் பட்டது. லட்சுமக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் முனியம்மா இறங்கி வந்தாள், அதுவும் முழுசாக இல்லை.

"செரி, ஆனா வந்தவருக்குத் தண்ணி நான் எரவல் சொம்புலதான் குடுப்பேன், அதுல நீ வாயைத் தெறக்கப்படாது."

இரண்டாம் வருகை

காரியதரிசி ஐயா வந்தபோது பெண்கள் மண்டி வாசலில் வேலையாக இருந்தார்கள். மிச்சமிருந்த பழைய புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கை விரித்தார்கள், உட்கார்ந்தார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் வந்தது, குடித்தார். சுற்றிலும் பார்த்தார். லட்சுமக்காவின் விரல்களைப் பார்த்தார். புளிப்பு தின்று தோல் வெடித்துப் போயிருந்த விரல்கள். அவள் வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். போன தரம் போட்ட நாற்காலிகள் எங்கே என்று அவர் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முனியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி எதிரே இருக்கிற மண்டியில் வாங்கியது. சேலை கவுண்டர் வீட்டில் வாங்கியது. கோழி லட்சுமக்கா முன்பணம் வாங்கிப் போட்டது, அதற்காக அவள் மகள் பாகலூரில் இன்னும் இருக்கிறாள். எந்த இடத்திலும் குரல் உடையவில்லை. வந்தவரை நன்றாகக் கவனித்தோம் என்ற பெருமைகூட அதில் கொஞ்சம் இருந்தது. "சாருக்குக் கொழம்பு ரொம்பப் புடிச்சுதுன்னு இவ வருசம் பூரா சொல்லிக்கினு இருந்தா" என்றாள். லட்சுமக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வயதில் பெரியவர், அத்தனை பெண்களுக்கு நடுவில் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பெண்கள் பதறிப்போய் என்னைப் பார்த்தார்கள், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. கடைசியில் அவர் லட்சுமக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தக் குழம்பை நான் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே, அம்மா."

பெயர் சொல்லாத ஏலம்

மானியம் அந்தத் தடவை தைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காரியதரிசி ஐயா தானே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஏலத்தன்று முனியம்மா முன்வரிசையில் போய் நின்றாள். போன வருஷம் பார்த்து வைத்தது வீண்போகவில்லை. நல்ல மரங்கள் இருக்கிற துண்டுகளுக்கெல்லாம் வாயே திறக்கவில்லை. ராயக்கோட்டைப் பக்கம் மரங்கள் கொஞ்சம் சோனியாக இருந்த துண்டு ஒன்று. வெங்கடப்பா வழக்கமாக அதற்குச் சும்மா ஒரு குறைந்த கேள்வி கேட்டு, போட்டியில்லாமல் எடுத்துவிடுவார். அதற்குக் காத்திருந்து கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். மேலே ஏற்றினார். இவளும் ஏற்றினாள். மறுபடி ஏற்றினார். லட்சுமக்கா கண்ணை மூடிக்கொண்டு யாரையோ வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அந்த மரங்களுக்குக் கொடுத்தால் கட்டாது என்று அவருக்குத் தெரியும். வியாபாரி வியாபாரியாக நிறுத்திக்கொண்டார். மூன்றாந்தரம் சொல்லி முனியம்மாவுக்கு முடித்தார்கள்.

அப்புறம்தான் வந்தது வம்பு. ஏலம் எடுத்தவள் பெயரோடு கணவர் பெயரும் எழுத வேண்டும் என்றார் குமாஸ்தா. முனியம்மா எப்படிச் சொல்வாள்? கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. குமாஸ்தா கேட்கக் கேட்க இவள் தலையை ஆட்ட ஆட்ட, பின்னால் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மரமே கைநழுவிப் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. லட்சுமக்கா முன்னால் வந்து உரக்கப் பெயரைச் சொன்னாள். ஊர் வழக்கில் அவர் அவளுக்கு அண்ணன் முறை. எழுதியாகிவிட்டது. முனியம்மாவுக்கு மட்டும் கோபம் ஆறவே இல்லை.

"நான் மரத்துக்குத்தானே பணம் கட்டறேன், எங்கூட்டுக்காரரு பேரை எதுக்கு நடுச்சந்தியில இழுக்கறீங்க?"

திரும்பி வந்தவள்

சோனி மரங்கள் அந்த வருஷம் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் காய்த்துவிட்டன என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காய்க்க வேண்டியதுதான் காய்த்தது. ஆனால் காய்த்தது அத்தனையும் அவர்களுடையது. மாசியிலும் பங்குனியிலும் உலுக்கினார்கள், பொறுக்கினார்கள், தட்டினார்கள். லட்சுமக்கா கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் தட்டினாள். விற்ற காசைப் பங்கு போடும்போது, லட்சுமக்காவின் கணக்கை முதலில் தீர்க்க வேண்டும், மற்றவர்களுக்குப் பிறகு என்று முனியம்மா சொல்லிவிட்டாள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. வெங்கடப்பா பணத்தை வாங்கிக்கொண்டு, மறுபேச்சு இல்லாமல் பெண்ணை அனுப்பி வைத்தார். கூடவே அவர் மனைவி ஒரு புதுப் பாவாடையும் கொடுத்தனுப்பினார்.

ரத்னம்மா வந்த அன்று நான் அங்கே இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா போனேன். லட்சுமக்கா காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. கோழி கிடையாது. ராகிக் களியும் கீரைக் கடைசலும். அதுபோதும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். இந்தத் தடவை எரவல் சொம்புகூட இல்லை. பெண் வந்தாள், குளித்தாள், ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வளர்ந்துவிட்டாள். பேச்சில் கன்னடம் கலந்திருந்தது. நானும் முனியம்மாவும் சாக்கில் உட்கார்ந்தோம். லட்சுமக்கா எங்களுக்குப் போட்டுவிட்டு மகள் தட்டில் களியை உருட்டி வைத்துக் கொடுத்தாள்.

ரத்னம்மா தட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். நாங்கள் சாப்பிட ஆரம்பிக்கிறோமா என்று பார்த்தாள். லட்சுமக்காவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. முனியம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். என்ன தப்பு நடந்தது என்று புரியாமல் அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா, இங்க நான் உக்காந்து சாப்பிடலாமா?"

எத்தனையோ விதிகள் போட்டுப் பார்த்த எங்கள் கமிட்டி, மானியம் கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் நான் அந்த வேலையை விடுகிறவரை நிறைவேற்றவே இல்லை.